ஐவரி மேட்

அந்தப் பெட்டி மேல மட்டும் கையை ஊனாதீங்க தம்பி. கோவிச்சுக்காதீங்க. நீங்க தாராளமா உக்காருங்க, நான் இப்பிடி ஒருக்களிச்சுக்கறேன். கண்டக்டர் டிக்கியில போடச் சொன்னாருங்க. மாட்டேன்னுட்டேன். அதுக்கும் ஒரு டிக்கெட் கிழிங்க, ஜன்னல் ஓரமா அது உக்காரட்டும், நடுவுல நான் உக்காந்துக்கறேன்னேன். மேலயும் கீழயும் பாத்தாரு, கிழிச்சுக் குடுத்துட்டாரு.

டிவி இல்லீங்க. காந்திபுரத்துல ஏறுனதுல இருந்து எல்லாரும் டிவியான்னுதான் கேக்கறாங்க. இது மானிட்டர். அல்ட்ராவைடு. முப்பத்திநாலு இன்ச்சு, வளைஞ்சது, கேம் ஆடறவங்களுக்குன்னே வர்றது. உங்க பையைப் பாத்தா கம்ப்யூட்டர் வேலை மாதிரி தெரியுது, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதுல கருப்புன்னா கருப்புங்க. சாதா ஸ்கிரீன்ல கருப்பு சாம்பலாட்டம் தெரியும். இதுல லைட்டை அணைச்சுட்டுப் பாத்தா ஸ்கிரீன் எங்க முடியுது, சுவரு எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது.

எனக்கு இது தொழில் இல்லீங்க. கோபியில டைல்ஸ் கடை. டைல்ஸ், வாஷ்பேசின், கம்மோடு, குழாய், எல்லாம். பூபதின்னு கேட்டீங்கன்னா பஸ் ஸ்டாண்டுல யாரும் கை காட்டுவாங்க. அந்தப் பக்கம் வீடு கட்டுனா வாங்க, உங்களுக்குன்னு பாத்துப் போட்டுத் தர்றேன்.

இந்த மானிட்டரு என் பையனுக்கு வாங்குனது. கனடாவுல இருக்கான். டொரன்டோ பக்கத்துல ஒரு ஊரு. பேரு தர்ஷன். பதிமூணு முடியப் போகுது.

இல்லீங்க, அனுப்பலை. அதான் திரும்ப வீட்டுக்குக் கொண்டு போறேன். ஏன்னு கேட்டா பெரிய கதைங்க. கோபி வரைக்கும் வர்றீங்களா? குன்னத்தூரா? அது வரைக்கும் போதும்.

பையனோட அம்மா கோகிலவாணி. கம்ப்யூட்டர் படிச்சவ. ஈரோட்டுல ஒரு கம்பெனியில இருந்தா. அப்பறம் கனடாவுக்குப் போலாம், பேப்பர் போட்டா கெடைக்கும்னு ஆரம்பிச்சா. நான் அங்க வந்து என்னம்மா பண்ணுவேன், கடையை யாரு பாப்பான்னேன். அவ சொன்னா, நீங்க கடையையே பாருங்க, நீங்க இருக்கறதும் இல்லாததும் இவனுக்கு ஒண்ணுதான்னா. கோவத்துல வர்ற வார்த்தை. நான் பெருசா எடுத்துக்கலை. பையனுக்கு அப்ப ஏழு வயசு.

ஒரு குறை வெச்சதில்லீங்க நான். கடைக்கும் வீட்டுக்கும் பத்து நிமிஷம். காலையில நான் எந்திரிக்கறப்ப அவன் ஸ்கூல் வேன்ல போயிருப்பான். ராத்திரி நான் வர்றப்ப தூங்கியிருப்பான். ஆனா எங்க வீட்டுல குழந்தைக்குன்னு தனி பாத்ரூம் போட்டுக் குடுத்தவன் நான். சுவரெல்லாம் மீன் படம் போட்ட டைல்ஸ். குட்டி வாஷ்பேசின், அவன் உயரத்துக்கு. கோபியில அப்ப எவன் வீட்டுல இருந்துச்சு அப்பிடி? சொல்லுங்க.

சரி, போனாங்க. டைவர்ஸ் பேப்பரெல்லாம் கோர்ட்டுல முடிஞ்சுது. சண்டையில்லை. ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல பையன் பேசுவான்னு முடிவாச்சு. பேசுனான். ஆரம்பத்துல ஸ்னோ காட்டுவான், ஸ்கூல் காட்டுவான். அப்பறம் வர வர, ‘ம்’. சாப்டியா கண்ணு? ‘ம்.’ படிக்கறியா? ‘ம்.’ அம்மா எங்க? ‘இருக்காங்க.’ அவ்வளவுதான். நான் பேசிட்டே இருப்பேன், அவன் கண்ணு என்னையப் பாக்காது. போனுக்குப் பின்னாடி எதையோ பாக்கும். அந்த வெளிச்சம் அவன் மூஞ்சியில செகப்பும் பச்சையுமா அடிக்கும்.

ஒரு நாள் கேட்டேன், அதென்ன கண்ணு அங்கன்னு. போனைத் திருப்பிக் காட்டுனான் பாருங்க! ஒரு தீவு. நாலு நாலு பேரா இறங்கறாங்க. துப்பாக்கி பொறுக்கறாங்க, சுடறாங்க, கடைசியா நிக்கறவன் ஜெயிச்சான். அன்னிக்கு அரை மணி நேரம் பேசுனான்ங்க எங்கூட. இதை எப்பிடி எடுக்கணும், எங்க ஒளியணும், யாரு அவன் அணின்னு. மூச்சு விடாம பேசுனான். ரெண்டு வருஷமா பேசாததை அன்னிக்குப் பேசுனான்.

அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். நானும் ஆடறதுன்னு.

சிரிக்காதீங்க தம்பி. இல்ல, சிரிங்க, பரவால்ல. நாப்பத்தாறு வயசுல கம்மோடு விக்கறவன் துப்பாக்கி தூக்கறான்னு எங்க கடையிலயே சிரிச்சாங்க.

மொதல்ல கடையில பில்லு போடற கம்ப்யூட்டர்லதான் போட்டுப் பாத்தேன். தீவுல இறங்கறதுக்குள்ள நின்னு போச்சு. கோயமுத்தூர்ல ஷாஜின்னு ஒரு மலையாளி, இந்தச் சாமானெல்லாம் விக்கறவரு. அவர்கிட்ட வந்து, என் பையன் ஆடற கேமு எனக்கு ஆடணும், என்ன வேணுமோ போடுங்கன்னேன். போட்டாரு. பெரிய டப்பா, உள்ள மூணு ஃபேன் சுத்தும், கலர் கலரா எரியும். எங்க வைக்கறது? கடைக்கு மேல ரூமுல, வாஷ்பேசினைத் தாங்கற பெடஸ்டல் காலு ரெண்டை நிறுத்தி, மேல ஒரு கிரானைட் ஸ்லாப்பைத் தூக்கிப் போட்டேன். யானை ஏறி நின்னாலும் அசையாது அந்த டேபிளு.

நமக்கு விடிஞ்சா அவனுக்குப் பொழுது போயிருக்கும். அவன் சாப்பிட்டு வந்து உக்கார்ற நேரமும் நான் பல்லு வெளக்கிட்டு உக்கார்ற நேரமும் ஒண்ணு. ரெண்டு பேரும் ஆடுனோம். அவன் எனக்குச் சொல்லிக் குடுத்தான். நான் செத்துச் செத்து விழுவேன். ‘ப்பா, சைடுல பாருங்கப்பா! சைடுல ஒருத்தன் வர்றதை நீங்க பாக்கவே மாட்டேங்கறீங்க!’ன்னு கத்துவான். எனக்கு எங்கீங்க தெரியுது சைடு? ஸ்கிரீன்ல இருக்கறதுதானே தெரியும். ஷாஜிகிட்டப் போயி, சைடு தெரியற மாதிரி ஸ்கிரீன் இருக்குதான்னு கேட்டேன்.

அப்பத்தான் இதை எடுத்துக் காட்டுனாரு. இது ரெண்டாவதுங்க, இதே மாதிரி ஒண்ணு என் ரூமுல நிக்குது. விலை கேக்காதீங்க. நம்ம கடையில ரெண்டு பாத்ரூம் முழுசா முடிக்கலாம், வெந்நீர்ப் பொட்டியோட. ஆனா அதுக்கு முன்னாடி உக்காந்தீங்கன்னா, நடுவுல நீங்க, இந்தக் காது பக்கத்துல இருந்து அந்தக் காது வரைக்கும் தீவு. கடலு, மலை, புல்லு. வளைஞ்சு வந்து உங்களைக் கட்டிப் பிடிச்ச மாதிரி இருக்கும். மொத நாளு நான் ஆடவே இல்லீங்க. சும்மா ஒரு மேட்டு மேல நிறுத்திப் பாத்துட்டே உக்காந்திருந்தேன். என் பையன் தினமும் இருக்கற ஊரு இதுதானேன்னு நெனச்சேன்.

அப்பறம் பாருங்க, ஆட்டம். எவன் எங்கிருந்து வந்தாலும் எனக்குத் தெரியும். நாலு பேரு காதுலயும் மைக்கு. நான் கத்துவேன், ‘கண்ணு, வலது பக்கம்! கண்ணு, சுவத்துக்குப் பின்னாடி ஒருத்தன்! கண்ணு, குனிஞ்சுக்க சாமி!’ மத்த ரெண்டு பேரு வெள்ளைக்காரப் பசங்க. அவனுகளுக்குச் சிரிப்புன்னா சிரிப்பு. அவனுகளும் ‘கண்ணு, கண்ணு’ன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டானுக. ஸ்கூல்லயும் அப்பிடியே கூப்பிடறானுகளாமா. அவ்வளவு பாசம். நடுவுல சாப்டியா கண்ணுன்னு கேப்பேன். அவனுகளும் ‘சாப்டியா, சாப்டியா’ன்னு ராகம் போட்டுப் பாடுவானுக. நாலு பேரும் ஒரு குடும்பமாட்டம் ஆயிட்டோம்.

தர்ஷன் மட்டும் அதுல கொஞ்சம் அமைதியாயிட்டான். சந்தோஷம் இருந்தாலும் காட்டிக்க மாட்டான், எங்க வம்சமே அப்பிடித்தான்.

கொஞ்ச நாள்ல ஒரு ஞாயித்துக்கிழமை சொல்றான், ‘ப்பா, நான் அந்த கேமை விட்டுட்டேன். எக்ஸாம் வருது. நீங்களும் விட்டுருங்கப்பா.’ சரி கண்ணு, படிப்புதான் முக்கியம்னேன். ஆனா ஸ்கிரீன்ல அவன் பேருக்குப் பக்கத்துல பச்சை எரியுது. ஆடறான்! அடுத்த நாள் பாத்தா அவன் பேரே என் லிஸ்டுல இல்லை. ஷாஜிக்குப் போன் போட்டு, ஏதோ கோளாறுங்கன்னேன். அவரு கொஞ்சம் இழுத்து, ‘சாரே, அவங்க எடுத்து விட்டிருப்பாங்க’ன்னாரு. எனக்குத் தெரியாதா? கோகிலா வேலைதான் அது. அப்பனும் மகனும் ஒட்டிக்கிட்டாங்கன்னு பொறுக்கலை.

அவளை நான் ஒரு வார்த்தை கேக்கலை. புதுசா ஒரு கணக்கு ஆரம்பிச்சேன். பேரு வைன்னு கேட்டுச்சு. என்ன வைக்கறது? எதிர்க்க டைல்ஸ் பெட்டி அடுக்கியிருந்துச்சு, அதுல போட்டிருந்த பேரைத் தட்டிட்டேன். ஐவரி மேட். தந்தக் கலரு, வழுக்காத டைல்ஸ். வயசான மாமியாரு விழாம நடக்கணும்னு கேட்டு வாங்கிட்டுப் போவாங்க.

அவனுக அணியில ஒருத்தன் வரலைன்னா வெளியாளைச் சேத்துக்குவானுக. காத்துட்டே இருந்தேன். ஒரு நாள் இடம் கெடச்சுது. மைக்கைத் தொடவே இல்லை. வாயைத் தெறந்தாத்தானே தெரியும்.

தர்ஷன் ஒரு வீட்டுக்குள்ள சாமான் பொறுக்கிட்டிருக்கான். நான் வெளியில நிக்கறேன். இந்தா, இடது ஓரத்துல, இந்த ஜன்னல் கம்பி இருக்குதே, இந்தத் தூரத்துல புல்லு அசையுது. சாதா ஸ்கிரீன்னா அது வெளிய போயிருக்கும். திரும்புனேன், சுட்டேன், விழுந்தான். தர்ஷனுக்குப் பின்னாடியே வந்துட்டான் அவன். இன்னும் ரெண்டு எட்டு வெச்சிருந்தா பையன் காலி. தர்ஷன் எழுதறான், ‘ப்ரோ, எப்பிடிப் பாத்தே?’ நான் எழுதுனேன், ‘அல்ட்ராவைடு.’ அவன் வாயைப் பொளந்த மாதிரி ஒரு பொம்மை போட்டான். அவனே என்னையச் சேத்துக்கிட்டான் லிஸ்டுல. அவனேங்க. நான் கேக்கலை.

அதுக்கப்பறம் தெனமும் ஐவரி எங்க, ஐவரி வந்தாச்சான்னுதான். இங்கிலீஷ்ல நாலஞ்சு வார்த்தை கத்துக்கிட்டேன், அதை வெச்சே ஓட்டுனேன்; நீளமா இருந்தா போன்ல தமிழாக்கிப் படிச்சுக்குவேன், இங்கிலீஷாக்கி எழுதிக்குவேன். பேசாம ஆடுனா நல்லா ஆடறேன், அதை நான் கவனிச்சேன். அவன் எங்க போனாலும் அவனுக்குப் பின்னாடி நிப்பேன். அவ்வளவுதான் என் வேலை. எந்த ஊருன்னு கேட்டப்ப இந்தியான்னு மட்டும் எழுதுனேன்.

என்கிட்ட எழுதுவான்ங்க. கணக்கு டீச்சர் மட்டம் தட்டறாங்களாமா. ஒரு பையன் இவன் டிபன்பாக்ஸை மோந்து பாத்து மூக்கைப் பிடிச்சானாமா. அம்மா ஆபீஸ் முடிஞ்சு வந்து சோபாவுலயே தூங்கிடறாங்களாமா, இவன்தான் போர்வை போத்தி விடறானாமா. எல்லாம் ஐவரிக்கு எழுதுவான். ஞாயித்துக்கிழமை போன்ல எனக்கு ‘ம்.’ எனக்கென்னங்க அதனால? ரெண்டும் என் காதுக்குத்தானே வருது.

ஒரு தடவை வாய் தவறிட்டேன். போன்ல, அந்தக் கணக்கு டீச்சர் இப்ப எப்பிடி கண்ணுன்னுட்டேன். ‘உங்களுக்கெப்பிடித் தெரியும்?’னான். அம்மா சொன்னாங்கன்னு சமாளிச்சேன். அப்பறம் ரெண்டு நாளு அவன் அம்மாகூடப் பேசலையாம். ஐவரிகிட்ட எழுதியிருந்தான், எங்கம்மாகிட்ட எதையும் சொல்ல முடியறதில்லைன்னு.

எனக்குக் காய்ச்சல் வந்து நாலு நாளு அந்தப் பக்கம் போகலை. எந்திரிச்சு வந்து பாத்தா வரிசையா எழுதியிருக்கான். ஐவரி எங்க இருக்கே? ஐவரி, நல்லாயிருக்கியா? உடம்பு சரியில்லையா? நான் என்ன பண்ணுனேன்னா, எந்திரிச்சுப் போயி மூஞ்சி கழுவிட்டு வந்து இன்னொரு தடவை படிச்சேன். காய்ச்சலுக்கு எங்க தங்கச்சிகூடப் போன் பண்ணி விசாரிக்கலைங்க. பையன் விசாரிச்சான்.

அதுக்காக ஒண்ணும் தெரியாத பையன்னு நெனச்சுடாதீங்க. வெவரமானவன். ஒரு நாளு ஆட்டம் தொடங்கக் காத்திருக்கறப்ப, சும்மாதான், உங்கப்பா ஆடுவாரான்னு கேட்டேன். ‘எனக்கு அப்பா இல்லை. அம்மா மட்டுந்தான்’னு எழுதுனான். பாத்தீங்களா? முகம் தெரியாத ஆளுகிட்ட வீட்டு விஷயத்தைச் சொல்லக் கூடாதில்லீங்களா. சின்ன வயசுல நான் சொல்லிக் குடுத்தது. கடைத்தெருவுல யாராச்சும் அப்பா பேரு கேட்டா சொல்லாதேன்னு. அதை இன்னும் ஞாபகம் வெச்சிருக்கான்.

தண்ணி குடிக்கறீங்களா? வேண்டாமா. அவினாசி தாண்டிட்டோமுங்க, இனி வேகமாப் போயிருவான்.

போன மாசந்தாங்க, அவனோட மானிட்டர் மினுக் மினுக்னு அடிக்குது, சைடு தெரியறதில்லைன்னு எழுதுனான். ‘உன் ஸ்கிரீன் மாதிரி எனக்கு இருந்தா எப்பிடி இருக்கும் ஐவரி’ன்னான். பொறந்த நாளும் வருது. மறுநாளே கோயமுத்தூர் வந்து ஷாஜிகிட்ட இதே மாதிரி இன்னொண்ணு எடுத்தேன். கரன்ட்டு ரெண்டு ஊருக்கும் ஒத்துப் போகும்னு கேட்டு வெச்சுக்கிட்டேன். வீட்டுல பெட்டியைப் பிரிச்சு, மாட்டி, ஒவ்வொரு மூலையா பாத்தேன். வெளிநாடு போற சாமான், ஸ்கிரீன்ல ஒரு புள்ளி எரியாம செத்திருந்தாலும் அவமானம்.

யாரு பேருல அனுப்பறது? அதுல வந்துதாங்க நின்னுது. அப்பா பேருல போச்சுன்னா, அல்ட்ராவைடு வேணும்னு இவருக்கெப்பிடித் தெரியும்னு யோசிப்பான். வெவரமானவன். ஐவரி பேருலதான் போகணும். அட்ரஸ் எனக்குத் தெரியும், கோர்ட் பேப்பர்லயே இருக்குது. ஆனா ஐவரிக்குத் தெரியாதில்லீங்களா. அதனால கேக்க வேண்டியதாப் போச்சு. ‘உனக்கு ஒரு கிஃப்ட் அனுப்பறேன், வீட்டு அட்ரஸ் குடு. அம்மாகிட்டச் சொல்லாதே, சர்ப்ரைஸா இருக்கட்டும்’னு எழுதுனேன்.

ஆமாங்க. அதேதான். உங்க மூஞ்சி போற மாதிரிதான் கோகிலாவுக்கும் போயிருக்கும்.

ரெண்டு நாள்ல போன் வருது. கோகிலா. கோர்ட்டுக்கப்பறம் அவளா எனக்குப் போட்ட மொத போன். கடையில கஸ்டமருக்குக் குழாய் காட்டிட்டிருக்கேன், அப்பிடியே வெச்சுட்டு வெளியில வந்துட்டேன். அழறா.

‘யாரோ ஒரு ஆளுங்க. இந்தியாவுல இருந்து. தர்ஷுகூட மாசக்கணக்கா ஆடறான். இவன் வர்ற நேரத்துக்குக் காத்துக்கிட்டே உக்காந்திருக்கான். எழுதறதைப் பாத்தா சின்னப் பையன் மாதிரி இல்லை. இப்ப வீட்டு அட்ரஸ் கேக்கறான், என்கிட்டச் சொல்ல வேண்டாங்கறான்.’

கடை வாசல்ல அடுக்கியிருந்த டைல்ஸ் பெட்டி மேல உக்காந்துட்டேன்.

‘நான் சொன்னா இவன் கேக்கலை. ஐவரி நல்லவர், ஐவரி நல்லவர்ங்கறான். கதவைச் சாத்திக்கறான். நீங்க பேசுங்க. நீங்கதானே அப்பா. நீங்க சொன்னா ஒருவேளை கேப்பான்.’

நீங்கதானே அப்பான்னு சொன்னாளுங்க. அவ வாயில இருந்து. அதுக்கப்பறம் நான் போயி, கோகிலா, அது நாந்தான்னு சொல்ல முடியுங்களா? நீங்க சொல்லுவீங்களா? ஒரு பொம்பளை, வழியில்லாம, பையனுக்கு அப்பன் வேணும்னு கூப்பிடறா. பேசறேன் கோகிலா, நீ பயப்படாதேன்னேன்.

மறுநாள் காலையில குளிச்சு, இஸ்திரி போட்ட சட்டை போட்டுட்டு, மேல ரூமுல உக்காந்து வீடியோ கால் போட்டேன். போனை ஸ்டாண்டுல நிறுத்தி, சுவத்தைப் பாத்த மாதிரி. எதிர்க்க மானிட்டர் எரியுது, அது அவனுக்குத் தெரியாத மாதிரி. ஐவரி அதுல உள்ளதான் இருந்தான், அணைக்க மறந்துட்டேன்.

பையன் கண்ணு வீங்கியிருந்துச்சு.

‘அம்மா சொன்னாங்களா?’

‘சொன்னாங்க கண்ணு. யாரு அவன்?’

‘ஃப்ரெண்டு.’

‘மூஞ்சியைப் பாத்திருக்கியா? குரலு கேட்டிருக்கியா?’

‘இல்லை. அவரு பேச மாட்டாரு.’

‘ஏன் பேச மாட்டான்? யோசிச்சியா? பேசுனா வயசு தெரிஞ்சுரும். ஒரு பெரிய ஆளுக்கு பதிமூணு வயசுப் பையன்கிட்ட என்ன வேலை? தெனமும் காத்துக்கிட்டு உக்காந்திருக்கறான்னா அவனுக்கு வேற பொழப்பு இல்லையா? வீடு இல்லையா? சொந்தக் குழந்தை இல்லையா?’

நல்லாத்தாங்க பேசுனேன். இவ்வளவு நல்லா நான் என்னைக்கும் பேசுனதில்லை. அவன் முதல் தடவையா என் மூஞ்சியையே பாக்கறான். கண்ணை எடுக்கலை.

‘அவரு அப்பிடியில்லப்பா. அவருக்கு எதுவும் வேண்டாம். நான் எங்க போனாலும் எனக்குப் பின்னாடி நிப்பாரு. நான் ஒரு நாள் எழுதலைன்னாலும், என்னாச்சுன்னு கேப்பாரு. நீங்க...’ன்னு சொல்லிட்டு நிறுத்திட்டான்.

‘அப்பிடித்தான் கண்ணு ஆரம்பிப்பாங்க. மொதல்ல நல்லவனாட்டம் பின்னாடி நிப்பாங்க. அப்பறம் அட்ரஸ் கேப்பாங்க. அந்த மாதிரி ஆளு வெசம். இப்பவே அவனை நிறுத்தணும். நான் பாத்துட்டே இருக்கேன், நிறுத்து.’

அழுதான்ங்க. சத்தம் இல்லாம. கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம் மட்டும் கேட்டுச்சு. எனக்கு எதிர்க்க, மானிட்டர்ல, அந்த ஓரத்துல வந்து விழுகுது: ‘ஸாரி ஐவரி. மை டேட் ஸேஸ் நோ. தேங்க்ஸ் ஃபார் எவ்ரிதிங்.’ படிச்சு முடிக்கறதுக்குள்ள அவன் பேரு போயிருச்சு.

‘பண்ணிட்டேன்ப்பா’ன்னான்.

‘வெரி குட் கண்ணு’ன்னேன்.

நீங்க பாத்திருக்கணும் தம்பி. மூணு வார்த்தைதான். மை டேட் ஸேஸ். எத்தனை பேரு மகன் எழுதறான் அப்பிடி?

அன்னிக்கே கோகிலா மெசேஜ் போட்டா, நீங்க பேசுனது பெரிய உதவிங்க, தேங்க்ஸ்னு. அடுத்த ஞாயித்துக்கிழமை பையன் போன்ல வரலை, உடம்பு சரியில்லைன்னா. சரி, பொறந்த நாளைக்கு இதையாச்சும் அனுப்பலாம், இப்ப என் பேருலயே அனுப்பலாம், அந்த ஆளுதான் போயிட்டானே, அவன் குடுக்கறேன்னதை அப்பன் குடுத்த மாதிரி இருக்கட்டும்னு நெனச்சேன். நல்ல யோசனைதானே? கோகிலாவுக்குப் போன் போட்டேன்.

‘தர்ஷனுக்கு ஒரு மானிட்டர் வாங்கி வெச்சிருக்கேன். அல்ட்ராவைடு. அவனோடது மினுக்குதில்ல.’

அந்தப் பக்கம் ஏதோ வண்டி போற சத்தம் கேட்டுச்சு.

‘மினுக்குதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?’ன்னா.

தர்ஷந்தான்னேன்.

‘எப்ப சொன்னான்?’

போன்லதான், ஞாபகமில்லைன்னேன். அப்பறம் லைன் கட்டாயிருச்சு. திரும்பத் திரும்பப் போட்டேன், எடுக்கலை. மூணு வாரம் ஆகப் போகுது. ஞாயித்துக்கிழமைக் காலும் வர்றதில்லை. அங்க ஏதோ நெட்வொர்க் மாத்தறாங்களாட்டம் இருக்குது. இல்லைன்னா அவளுக்கு ஆபீஸ்ல வேலை ஜாஸ்தியா இருக்கும்.

இன்னைக்கு ஷாஜிகிட்டக் கொண்டு வந்தேன், திருப்பி எடுத்துக்குவாரான்னு. பெட்டி பிரிச்சிருக்குது, மாட்டிப் பாத்திருக்குது, கம்பெனி எடுக்காது சாரேன்னுட்டாரு. வேற ஆளுக்கு வித்துத் தர்றேன்னாரு. மனசு வரலைங்க. வேணும்னா ரெண்டையும் ஒரே டேபிள்ல சேத்து வெச்சுக்கலாம், இந்தச் சுவத்துல இருந்து அந்தச் சுவரு வரைக்கும் ஒரே படமா வரும்னாரு. கிரானைட்டு தாங்கும். ஆனா அவ்வளவு அகலத்துக்கு நான் எதைப் பாக்கறது?

குன்னத்தூர் வந்துருச்சுங்களா? இருங்க, இன்னும் ஸ்டாப்பு வரலை. ஒண்ணே ஒண்ணு காட்டிடறேன்.

மனசு கேக்காம, போன வாரம் வேற ஒரு பேருல இன்னொரு கணக்கு ஆரம்பிச்சேன். பேசறதுக்கில்லீங்க. ஆடறதுக்குக்கூட இல்லை. பையன் நல்லாயிருக்கானான்னு தெரிஞ்சாப் போதும்னு. ‘ஹலோ, ஹவ் ஆர் யூ’ன்னு ஒரு வரி எழுதுனேன். அஞ்சு நாளா பதிலில்லை. இன்னைக்குக் காலையில, பஸ் ஏறறதுக்கு முன்னாடி வந்துச்சு. பாருங்க, போன்லயே காட்டும். உங்களுக்கு இங்கிலீஷ் நல்லா வருமில்ல, படிங்க.

‘ஐ டோன்ட் நோ யூ. ப்ளீஸ் டோன்ட் மெசேஜ் மீ அகெய்ன்.’

பாத்தீங்களா? ‘ப்ளீஸ்’னு போட்டிருக்கான், மரியாதை விடலை. ஆனா ஒரு வார்த்தை கூடுதலாப் பேசலை. முகம் தெரியாதவன்கிட்டப் பேசாதேன்னு அன்னிக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அப்பிடியே கேக்கறான்ங்க. அத்தனை தூரத்துல இருக்கறான், நான் பக்கத்துல இல்லை, ஒரு போன் கூட இல்லை. இருந்தாலும் அப்பன் சொன்னதை மீறலை.

இறங்குங்க தம்பி, பாத்து. படியில கூட்டமா இருக்குது.